வக்கீல் ஒருவர் மலை நகராட்சிக்குச் சேர்மன் ஆனால் என்ன செய்ய முடியும்?

கேள்வியின் சுருக்கம்: உதகை நீதிமன்றத்தில் தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞர், தென்கொரியத் தலைநகர் சியோலின் மேயராக இருந்த பார்க் வோன்-சூனைப் பற்றிப் படித்திருக்கிறார். மனித உரிமை வழக்கறிஞர் ஒருவர் மேயராகி அவ்வளவு பெரிய நகரத்தின் போக்கையே திருப்ப முடிந்தது என்றால், உதகையிலோ கொடைக்கானலிலோ அது ஏன் முடியாது? முடியும் என்றால் எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் சியோலில் நடந்த வழியில் முடியாது. அங்கே மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், நிர்வாகமும் அவர் கையிலேயே இருக்கிறது. உதகை, குன்னூர், கொடைக்கானல் நகராட்சிகளில் மேயர் என்ற பதவியே இல்லை. நகர்மன்றத் தலைவர்தான், அவரையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் ஒரு வார்டில் ஜெயிக்க வேண்டும். பிறகு உதகை என்றால் 36 பேரில் 19 பேர், கொடைக்கானல் என்றால் 24 பேரில் 13 பேர் உங்கள் பக்கம் நிற்க வேண்டும். தலைவர் பதவி எந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்படும் என்பதை அரசு அறிவிக்கும். அந்த அறிவிப்பு வரும்வரை சேர்மன் கனவை ஓரமாக வைத்துவிட்டு வார்டைப் பாருங்கள்.

பார்க்கிடம் எடுத்துக்கொள்ளத் தக்கவை எவை என்று பார்த்துவிடுவோம். 2011 அக்டோபர் இடைத்தேர்தலில் வென்று பதவிக்கு வந்தார். 2012-ல் 'அணு உலை ஒன்றைக் குறைப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். இலக்கு துல்லியமானது: 2014 இறுதிக்குள் 20 லட்சம் டன் எண்ணெய்க்குச் சமமான ஆற்றலைச் சேமிப்பாலும் சொந்த உற்பத்தியாலும் ஈடுகட்ட வேண்டும். எல்இடி விளக்குகள், பழைய கட்டடங்களில் வெப்பம் கசியாமல் செய்யும் பணி, கூரைச் சூரியத் தகடுகள், மின்சாரம் மிச்சப்படுத்தும் வீடுகளுக்குப் புள்ளிகள் என்று சிறுசிறு வேலைகளாக இறங்கி, ஆறு மாதம் முன்னதாகவே இலக்கை எட்டினார்கள். 2013-ல் நள்ளிரவுப் பேருந்துகள் ஓட்டியபோது, இரவு நேரக் கைப்பேசி அழைப்புகள் எங்கிருந்து வருகின்றன என்ற தரவை வைத்தே தடங்களைப் போட்டார்கள். ஒரு எண், ஒரு கெடு, எண்ணிப் பார்க்க ஒரு வழி. இந்த மூன்றும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

தோற்றதும் உண்டு. 2018 ஜனவரியில் காற்று மாசு மிகுந்த நாட்களில் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கினார். மூன்று நாளில் சுமார் 1,500 கோடி வோன் செலவானது, கார்களோ பெரிதாகக் குறையவில்லை, திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. 2020 ஜூலையில் அவருடைய முன்னாள் உதவியாளர் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். அடுத்த நாள் காணாமல் போன பார்க், நள்ளிரவுக்குப் பிறகு இறந்து கிடந்தார். அந்த நடத்தை பாலியல் தொல்லையே என்று 2021 ஜனவரியில் அந்நாட்டுத் தேசிய மனித உரிமை ஆணையம் முடிவு செய்தது. ஆளைக் கும்பிட வேண்டாம், வேலை செய்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊர். இங்கே கையெழுத்து அதிகாரம் ஆணையருடையது. ஊழியர்கள், காசோலை, நோட்டீஸ், உரிமம் எல்லாம் அவர் பெயரில்தான் போகும். தலைவரிடம் இருப்பது மன்றம்: கூட்டத்தைக் கூட்டுவது, தலைமை தாங்குவது, எந்தப் பொருள் எந்த மாதம் வரும் என்பதில் ஒரு பிடி, ஒப்பந்தக் குழுவில் ஓர் இடம், பட்ஜெட். குறைவாகத் தெரியலாம். ஆனால் மன்றத் தீர்மானம் என்பது சட்டப்படி எழுதப்பட்ட ஒரு கட்டளை. அதை எழுதத் தெரிந்தவர்கள் நகர்மன்றங்களில் மிகக் குறைவு. வக்கீலின் பயன் இங்கேதான் தொடங்குகிறது.

எந்த நகராட்சியின் அஜெண்டாவையும் எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்க அலுவலகக் குறிப்பு, கடைசியில் 'மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது', அதற்குக் கீழே தீர்மானம்: 'அனுமதிக்கப்பட்டது.' இந்த ஒற்றைச் சொல்லை வைத்து ஆறு மாதம் கழித்து யாரையும் எதையும் கேட்க முடியாது. அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: 'இன்ன வார்டில் உள்ள தங்கும் விடுதிகளின் கழிவுநீர்த் தொட்டிகளை நகராட்சிப் பொறியாளர் 60 நாட்களுக்குள் ஆய்வு செய்து, அளவு, கடைசியாகச் சுத்தம் செய்த தேதி, உபரி நீர் போகும் இடம் ஆகிய மூன்று விவரங்களுடன் அறிக்கையை அடுத்த மன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும், செலவு இன்ன நிதித் தலைப்பில்.' யார், எப்போது, எந்த நிதியில், எப்படிச் சரிபார்ப்பது என்ற நான்கும் இல்லாத பொருளைத் திருப்பி அனுப்பும் பழக்கத்தை முதல் மூன்று கூட்டங்களிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். அதேபோல் தலைவர் 'முன்அனுமதி' கொடுத்து வேலையைத் தொடங்கிவிட்டு, பிறகு மன்றத்தில் 'பின்னேற்பு' என்று ஒப்புதல் வாங்கும் வழக்கத்துக்கும் கட்டுப்பாடு வேண்டும். நிலச்சரிவு, குழாய் உடைப்பு போன்ற அவசரத்துக்கு அது தேவைதான். பெயின்ட் அடிக்கவும் பூந்தொட்டி வாங்கவும் முன்அனுமதி வருகிறது என்றால், பின்னால் தணிக்கைத் தடையில், அதாவது கணக்குத் தணிக்கையாளர் எழுதும் ஆட்சேபணையில், உங்கள் பெயர் இருக்கும்.

சரி, எதைச் செய்வது? மலை நகரத்தில் 'நீடித்த வளர்ச்சி' என்பதைச் சூரியத் தகட்டிலும் சைக்கிள் பாதையிலும் தேட வேண்டாம். மேலே இருப்பவர் வெளியே விடும் தண்ணீர், மலம், குப்பை, வெட்டிய மண் நான்கும் கீழே இருப்பவர் வீட்டுக்குத்தான் போகின்றன. இந்த நான்கையும் கணக்கில் கொண்டுவந்துவிட்டால் மற்றதெல்லாம் அலங்காரம்.

கக்கூஸ் தண்ணீரில் இருந்து தொடங்குங்கள். ஓட்டு விழாத விஷயம், ஆனால் மலையைக் கரைப்பதே இதுதான். சமவெளியில் செப்டிக் டேங்க், அதன் பக்கத்தில் உறிஞ்சுகுழி என்று கட்டுகிறோம். அதே வரைபடத்தை மலைக்குக் கொண்டுவந்தால் இரண்டு கோளாறு. ஒன்று, குளிர். கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் 15 டிகிரிக்குக் கீழே மிக மந்தமாகத்தான் வேலை செய்யும். சமவெளியில் மூன்று வருடம் தாங்கும் தொட்டி இங்கே அதற்கு முன்பே வண்டலால் நிரம்பி, செரிக்காத கழிவு அப்படியே வெளியே போகும். இரண்டு, சரிவு. உறிஞ்சுகுழியில் விட்ட நீர் நேராகக் கீழே இறங்காது. மண்ணுக்கும் பாறைக்கும் இடைப்பட்ட அடுக்கைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து, கீழ்வீட்டின் தடுப்புச் சுவர் வழியே கசியும். மழையில்லாத பிப்ரவரியிலும் ஒரு தடுப்புச் சுவர் ஈரமாக, பாசி படிந்து, நாற்றத்தோடு இருந்தால் அது ஊற்று அல்ல, மேல்வீட்டு உறிஞ்சுகுழி. வருடம் முழுக்க ஊறி நிற்கும் அந்த மண்மேல் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது சுவரும் அதன் பின்னால் இருக்கும் மண்ணும் சேர்ந்து இறங்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன சரிவுகளுக்குப் பெருமழையே முதல் காரணம். ஆனால் மழையை நிறுத்த யாராலும் முடியாது, ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் சரிவில் கழிவுநீரும் இறங்குவதை நகராட்சியால் நிறுத்த முடியும்.

என்ன செய்யலாம்? சரிவில் புதிய உறிஞ்சுகுழிக்கு அனுமதி தராதீர்கள். வீட்டுத் தொட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலிருந்து தெளிந்து வரும் நீரை 100 மி.மீ. குழாயில் எடுத்து, இருபது முப்பது வீடுகளுக்குப் பொதுவாகக் கீழே ஒரு சிறு சுத்திகரிப்பு அமைப்புக்குக் கொண்டுசெல்லலாம். தடுப்புகள் கொண்ட தொட்டி, அதையடுத்து ஜல்லிப் படுகை, அவ்வளவுதான். சரிவு இருப்பதால் மோட்டார் தேவையில்லை. திடக்கழிவு தொட்டியிலேயே தங்கிவிடுவதால் இந்தக் குழாய் எளிதில் அடைக்காது. நிபந்தனை ஒன்று உண்டு: தொட்டிகளை நகராட்சியே முறைவைத்துக் காலி செய்ய வேண்டும், வீட்டுக்காரர் போன் செய்யும்வரை காத்திருக்கக் கூடாது. ஐந்து பேர் வீட்டுக்குத் தொட்டி 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம் இருந்தால் போதும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதே தொட்டியை வைத்துக்கொண்டு மாடியில் நான்கு அறை கட்டி சீசனில் இருபது பேரைத் தங்க வைப்பதுதான் நம் ஊர் நடைமுறை. தொட்டி அளவையும் படுக்கை எண்ணிக்கையையும் ஒரே பதிவேட்டில் அடுத்தடுத்த பத்தியில் எழுதினால் பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

பாதாளச் சாக்கடை இருக்கும் இடங்களில் கோளாறு வேறு மாதிரி. குழாய் செங்குத்தாக இறங்கினால் ஓட்டம் விநாடிக்கு 3 மீட்டரைத் தாண்டி குழாயை அரிக்கும். அதனால் ஆள்நுழைவுத் தொட்டிகளைப் படிபோல இறக்க வேண்டும், மட்ட வேறுபாடு 60 செ.மீ.க்கு மேல் போனால் செங்குத்து இறக்கக் குழாய் போட வேண்டும். இதை மிச்சம் பிடித்த வேலைகளில் கழிவு மேலிருந்து விழுந்து தொட்டியின் தரையே உடைந்து கிடக்கும். இன்னொன்று, கூரை மழைநீரைச் சாக்கடையில் இணைக்கும் வீடுகள். மழை வந்தால் மூடியைத் தூக்கிக்கொண்டு கழிவுநீர் சாலையில் ஓடுவது இதனால்தான். உதகையில் அது கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரிக்குப் போய்ச் சேரும். 1820-களில் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டிய ஏரியைத் தூர்வார எத்தனை கோடி ஒதுக்கினாலும் இந்த இணைப்புகளைத் துண்டிக்காதவரை அது வீண்செலவு. கண்டுபிடிப்பது சுலபம்: வெயில் நாளில் கூரைக் குழாயில் ஒரு குடம் சாயத் தண்ணீர் ஊற்றுங்கள், கீழே ஆள்நுழைவுத் தொட்டியில் சாயம் வந்தால் இணைப்பு இருக்கிறது.

அடைப்பு எடுக்கப் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்த 2013 சட்டப்படி குற்றம். சாக்கடையில் இறந்தால் இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. ஒப்பந்தத்தில் இந்தப் பொறுப்பு யாருடையது என்று தெளிவாக எழுதாவிட்டால் ஒப்பந்ததாரர் நழுவுவார், குடும்பம் அலையும். இந்த ஒரு ஷரத்தை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள்.

குப்பைக்கு வருவோம். மலையில் மக்கும் குப்பையை உரமாக்கும் இடங்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், ஈரம். குவியலுக்குள் 55 டிகிரி வெப்பம் எழும்பினால்தான் கிருமி சாகும், புழு வராது. அதற்குக் குவியல் குறைந்தது ஒரு மீட்டர் உயரம் வேண்டும், ஈரம் 50 முதல் 60 விழுக்காட்டில் நிற்க வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. ஓட்டல் சோறு, குழம்பு, மார்க்கெட்டில் இருந்து வரும் முட்டைக்கோஸ் இலை எல்லாம் தண்ணீர். அவற்றோடு காய்ந்த இலை, மரத்தூள், தேங்காய் நார் எதையாவது கலக்காமல் போட்டால் இரண்டே நாளில் நாறும், கருப்பு நீர் வடியும், பக்கத்து ஊர்க்காரர்கள் வழியை மறிப்பார்கள். மறிப்பதும் நியாயம்தான். மேலே கூரை இல்லாமல் மலையில் உரக்கூடம் கட்டவே கூடாது. வேலி பலமாக இருக்க வேண்டும், கொடைக்கானலில் காட்டுமாடும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடியும் தேடி வரும். தெருவில் திறந்த தொட்டி வைப்பது அவற்றுக்கு விருந்து வைப்பது. தொட்டியே இல்லாமல் வீட்டு வாசலில் வாங்குவது மேல், வைத்தே ஆக வேண்டும் என்றால் கரடியின் கைக்குத் திறக்காத தாழ்ப்பாளோடு.

மக்காத குப்பையில் விலை போகாத பிளாஸ்டிக்தான் தலைவலி. சிமென்ட் ஆலைகள் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், ஆனால் ஆலைகள் இருப்பது சமவெளியில், மலையிலிருந்து லாரி வாடகை கணிசம். அழுத்திக் கட்டாமல் ஏற்றினால் லாரி நிரம்பிவிடும், எடை ஏறாது. அதனால் அழுத்திப் பொதியாக்கும் பேல் இயந்திரம் ஒன்றைச் சொந்தமாக வாங்குவது வாடகையிலேயே திரும்பிவிடும். ஈரமாக இருந்தாலும் பிவிசி கலந்திருந்தாலும் ஆலை திருப்பி அனுப்பும், அதனால் லாரி மலையிலிருந்து இறங்குவதற்கு முன்பே தரம் பார்க்கத் தனியே ஒருவர் வேண்டும். குன்னூர் ஓட்டுப்பட்டறையில் கிளீன் குன்னூர் அமைப்பு நகராட்சியோடு சேர்ந்து பழைய கொட்டிடத்தைத் தரம்பிரிக்கும் இடமாக மாற்றியிருக்கிறது. உதகையிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது, வார்டு குழு உறுப்பினர்களை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். சியோலுக்குப் போவதைவிட அதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

திட்டம் வடிவமைப்பதில் நீலகிரியே நாட்டுக்குக் காட்டிய பாடம் ஒன்று இருக்கிறது. காட்டில் உடைந்து கிடக்கும் மதுப் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் இங்குள்ள டாஸ்மாக் கடைகளில் ஒரு முறை வந்தது: பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருவது. விற்ற பாட்டில்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் திரும்பி வந்தன. பத்து வருடம் போட்ட அபராதமும் வைத்த விழிப்புணர்வுப் பலகையும் செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது. ஏனென்றால் குடித்தவர் வீசினாலும் பொறுக்குபவர் எடுத்து வந்துவிடுவார். நகராட்சி குத்தகைக்கு விடும் கடைகளில் டீ கப், தண்ணீர்ப் பாட்டில் இரண்டுக்கும் இதையே குத்தகை நிபந்தனையாக்கலாம். சிக்கல் எங்கே வரும் என்றால், காலிப் பொருளை அடுக்க இடமும் சில்லறையும் இல்லாத கடைக்காரர் ஒரு வாரத்தில் முரண்டு பிடிப்பார். திருப்பி வாங்கும் மையத்தைப் பேருந்து நிலையத்தில் நகராட்சியே நடத்தினால் அது தீரும்.

அபராதம் போடுவதென்றால் ஒன்றை மறக்க வேண்டாம். திடக்கழிவு விதிகள் ஒவ்வொரு உள்ளாட்சியும் தனக்கான துணைவிதியை இயற்றச் சொல்கின்றன. துணைவிதியை முறைப்படி இயற்றி அரசிதழில் வெளியிடாமல் ரசீது கிழித்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே அதைத் தூக்கிவிடுவார். நீங்களே அப்படி எத்தனை நோட்டீஸை உடைத்திருப்பீர்களோ.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. உதகைக்குப் பார்சன்ஸ் வேலி முதன்மை ஆதாரம், மார்லிமந்து, டைகர்ஹில் போன்ற சிறு அணைகளும் உண்டு. குன்னூருக்கு ரேலியா. புதிய அணை கேட்பதற்கு முன்பு குழாயைப் பாருங்கள். பத்து மீட்டர் இறக்கத்துக்குச் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம் ஏறும். மேல்நிலைத் தொட்டியில் இருந்து 80 மீட்டர் கீழே இருக்கும் தெருவில் 8 கிலோ அழுத்தம், அங்கே 6 கிலோ தாங்கும் குழாயைப் பதித்திருந்தால் எல்லாரும் குழாயை மூடிவிட்டுத் தூங்கும் இரவில்தான் வெடிக்கும். இடையில் அழுத்தம் தணிக்கும் தொட்டியோ வால்வோ வைப்பது ஒவ்வொரு சீசனிலும் ரோட்டைத் தோண்டுவதைவிட மலிவு. மழைநீர் சேமிப்பில் இன்னொரு பிழை. 2003-ல் மாநிலம் முழுவதற்கும் கட்டாயமாக்கிய முறையைப் பார்த்து மலைச்சரிவிலும் கசிவுக் குழி தோண்டுகிறார்கள். உறிஞ்சுகுழிக்குச் சொன்ன ஆபத்து இதற்கும் உண்டு. இங்கே சேமிப்பு என்றால் தொட்டிதான். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழைக்கு ஆயிரம் லிட்டர் விழும், இருநூறு லிட்டர் வீணானாலும் எண்ணூறு கைக்கு வரும்.

கட்டடங்கள். உங்கள் தொழிலறிவு முழுதாகப் பயன்படும் இடமும், உங்களுக்கு எதிரிகள் முளைக்கும் இடமும் இதுதான். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டருக்குள். அதோடு ஹாக்கா என்று எல்லாரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல் இருந்து இருக்கிறது. வனம், வேளாண் பொறியியல், புவியியல் மற்றும் சுரங்கம் என்று பல துறைகளின் தடையின்மைச் சான்றும் வேண்டும், மண் வெட்டும் இயந்திரத்தை இயக்க ஆட்சியர் அனுமதியும் வேண்டும். விதிக்குப் பஞ்சமில்லை. நடப்பது என்ன? வீடு என்று அனுமதி வாங்கி காட்டேஜ் கட்டுவார்கள். தரைத்தளத்தைச் சரிவில் புதைத்து, சாலைப் பக்கம் இரண்டு தளமும் பள்ளத்தாக்குப் பக்கம் நான்கு தளமுமாக எழுப்புவார்கள். உயரத்தை எந்த மட்டத்தில் இருந்து அளப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அனுமதி வரைபடத்திலேயே நான்கு மூலைகளின் இயற்கைத் தரைமட்டத்தையும் குறிக்கச் சொல்லி, அந்தப் புள்ளிகளை வேலை தொடங்கும் முன் படமெடுத்து கோப்பில் சேர்த்துவிட்டால் இந்த வாதமே எழாது.

கட்டி முடித்த பிறகு இடிப்பது கொடுமையான வேலை. கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே ஓட்டலின் கூடுதல் தளங்களை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1995-ல் வென்றது, வருடக்கணக்கில் உழைப்பு. பிற்பாடு அதே ஊரில் நீதிமன்ற உத்தரவின் பேரில் விதிமீறல் கட்டடங்களுக்கு வரிசையாகச் சீல் வைத்தபோது பிழைப்பு போனது பெரும்பாலும் அறை சுத்தம் செய்பவர்களுக்கும் டாக்சிக்காரர்களுக்கும்தான். நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57 பிரிவு நோட்டீஸ், அதன்மேல் 80-ஏ பிரிவில் அரசிடம் மனு, அது முடியும்வரை தடை என்று காலம் ஓடும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடிப்புக்கு 15 நாள் முன்னறிவிப்பு முதலான நடைமுறைகளையும் கட்டாயமாக்கியிருக்கிறது. நியாயமான தீர்ப்பு, அதன்படியே நடங்கள்.

ஆகவே பிடி இருக்க வேண்டியது அஸ்திவார மட்டத்தில், பிறகு இணைப்பு கொடுக்கும் கட்டத்தில். 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சொன்னது: பணி நிறைவுச் சான்று பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு. சிறு வீடுகளுக்கு மாநில விதிகள் சான்றில் விலக்கு தருகின்றன, மற்றவற்றில் எதற்கெல்லாம் விலக்கு என்பதை நடப்பு விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். குடிநீர் இணைப்பு நகராட்சி கையில். 'நிறைவுச் சான்று இன்றி வணிகப் பயன்பாட்டுக்கு இணைப்பில்லை. வீட்டு இணைப்பில் விடுதி நடத்தினால் துண்டிப்பு' என்று ஒரு தீர்மானம் போதும். சாலையோரத் தடுப்புச் சுவர்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும்: 75 அல்லது 100 மி.மீ. வடிகுழாய், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று, வெளிப்பக்கம் சாய்வாக, சுவருக்குப் பின்னால் முப்பது செ.மீ.யாவது ஜல்லி. குழாயை மட்டும் வைத்துவிட்டுப் பின்னால் மண்ணையே நிரப்பினால் முதல் மழையிலேயே துளை அடைத்துவிடும். அது சுவர் இல்லை, அணை. செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் ஜல்லிக்குப் பணம் எழுதியிருக்கும், மண் மூடிய பிறகு யாரும் பார்க்க முடியாது. நிரப்பும் முன் எடுத்த படம் இல்லாமல் பட்டியல் பணம் பாஸ் ஆகக் கூடாது.

வாகன நெரிசலில் உங்கள் பங்கு சிறியது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தது. 2025 சீசனுக்கு நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பும் வந்தது. அரசுப் பேருந்துக்கு வரம்பில்லை. நகரின் விளிம்பில் நிறுத்துமிடமும் அங்கிருந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒரு சிற்றுந்தும் இருந்தால் அது உதவும். சிற்றுந்து இல்லாமல் நிறுத்துமிடம் மட்டும் கட்டுவது, கட்டுகிறவருக்கு லாபம்.

இதற்கெல்லாம் பணம்? 15-ஆவது நிதிக் குழு காலத்தில் நம் அளவு நகராட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. கழிவுநீர் வேலைக்கு நிதித் தலைப்பு இல்லை என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கைக் கேளுங்கள். உள்ளூர் வருவாயில் பெரிய ஓட்டை, வீடு என்று வரி கட்டும் காட்டேஜ்கள். இணையத்தில் அறை வாடகைக்கு என்று விளம்பரம் செய்யும் முகவரிகளை வரிப் பதிவேட்டோடு ஒப்பிடுவது ஒரு பயிற்சி மாணவர் ஒரு வாரத்தில் செய்யும் வேலை. மறுவரிவிதிப்புக்கு முன் நோட்டீஸ், ஆட்சேபணைக்கு அவகாசம் இரண்டும் தவறாமல் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் வரி மேல்முறையீட்டுக் குழுவில் போய்த் தேங்கும். பெரிய டெண்டர்களை அவசரமாக முடிக்கும் வற்புறுத்தல் வரும். டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்ட விதிகளில் 2 கோடி வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள் குறைந்தபட்ச அவகாசம். அதைச் சுருக்கும் கோப்பில் காரணம் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒப்பந்தக் குழுவில் கை தூக்காதீர்கள்.

உங்களுக்கே உரிய சங்கடம் ஒன்று. நகராட்சிக்கு எதிராகவோ நகராட்சிக்காகவோ வக்காலத்து போட்டிருந்தால், வேட்புமனுவுக்கு முன்பே விலகிவிடுவது பாதுகாப்பு. தகுதி நீக்கப் பிரிவை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள். விடுதி உரிமையாளர்கள் கட்சிக்காரர்களாக இருந்தால், அவர்கள் பொருள் மன்றத்துக்கு வரும் நாளில் அதை அறிவித்துவிட்டு வெளியே போய் உட்காருங்கள்.

கடந்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது, ஐந்தாண்டுக் காலம். அடுத்த தேர்தலுக்கான அறிவிப்பு வரும் முன்பே நான்கு தகவல் அறியும் உரிமை மனுக்கள் போட்டுவையுங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு: ஒன்று, மூன்று ஆண்டுக்கான சொத்து வரிக் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல்; இரண்டு, நிலுவையில் உள்ள தணிக்கைத் தடைகள்; மூன்று, நகராட்சி மீதான வழக்குப் பட்டியல், எதில் எதிருரை (நகராட்சியின் பதில் மனு) தாக்கலாகவில்லை என்ற குறிப்போடு; நான்கு, குத்தகைக்கு விட்ட கடைகளின் ஒப்பந்த நகல்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டால், ஒன்று தயாராகவில்லை என்று நான்கையும் நிறுத்திவைப்பார்கள், தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றாவது மனுவின் பதிலை முதலில் படியுங்கள். எதிருரை போடாமலே நகராட்சி தோற்ற வழக்குகள் அதில் இருக்கும், எந்த இடம் யார் கைக்குப் போயிற்று என்பதும் அதிலேயே இருக்கும்.